சைக்கிள் கேரியரில் ஒரு பிள்ளை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவோம், தூக்கம் வராததைப் பற்றிப் பேசுவோம். சின்ன வயதில் எதற்குப் பயந்தோம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "பேய்க்கு", "கணக்கு வாத்தியாருக்கு" என்று சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறீர்கள். எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பயம்தான். ஒன்பது வயதுப் பெண்பிள்ளை, ஒரு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அருப்புக்கோட்டையிலிருந்து குண்டாற்றுக்கரை வரை பயந்துகொண்டே போய்ப் பயந்துகொண்டே திரும்பினேன்.

சண்டைக்காலம் அது. ஜப்பான்காரன் மெட்ராஸில் குண்டு போடப்போகிறான் என்று ஊரே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பியது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவரால் வர முடியவில்லை. அம்மாவும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் நானும் அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் பெரியப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சுற்றிலும் தறிச் சத்தம். முதல் சில நாள் அதைக் கேட்டாலே எங்கோ தூரத்தில் குண்டு விழுவது போலத் தோன்றும். வருஷத்தின் நடுவில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் வீட்டில் சும்மா இருந்தேன்.

அந்த வீட்டில்தான் அத்தையும் இருந்தாள். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. கல்யாணமான மறுவருஷமே கணவனை இழந்து, பிறகு பிரசவம் பார்க்கப் படித்து, டவுனில் மிஷன்காரர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சுற்றுக் கிராமங்களில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துவருவது அவள் வேலை. அதற்கு ஒரு சைக்கிள் உண்டு. சண்டை மூண்டதும் சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார அம்மாள் விட்டுப்போன சைக்கிள். நடுவில் கம்பி கிடையாது. சேலை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கறுப்பு நூலில் பின்னிய வலை கட்டியிருக்கும். அந்த மாதிரி வலையை அதன் பிறகு நான் எங்கேயும் பார்த்ததில்லை. முன்னால் ஓர் எண்ணெய் விளக்கு. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் அதன் திரி நனைந்ததே இல்லை.

பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார், பக்திமான். வயசுப் பெண் தனியாகக் காட்டுவழியில் சைக்கிளில் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. வேலையை விடச் சொல்லவும் மனமில்லை. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"சும்மா இருக்கிற பிள்ளைய ஒங்கூடக் கூட்டிட்டுப் போ. பிள்ளையோட வாற பொம்பளகிட்ட எவனும் வாலாட்ட மாட்டான்" என்றார்.

அத்தைக்குக் காவல் நான்! இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மா என் தலையை இரண்டு பின்னலாக இறுக்கிப் பின்னி, கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, என்னை ஏற்றிவிட்டாள்.

ஏறிய முதல் நாளே தெரிந்துவிட்டது, நான் இதற்கு ஆகமாட்டேன் என்று. சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கைப் பிடித்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் நசுங்கும். பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவேன். பாதை பின்னால் ஓடுவதைப் பார்த்தால் தலை சுற்றும். கண்ணை மூடினால் நாய் குரைப்பது மட்டும் கேட்கும், அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது.

டவுனைத் தாண்டிக் கிழக்கே திருச்சுழிச் சாலையில் புளியமரங்கள் இருக்கும்வரை கொஞ்சம் தைரியமாக இருப்பேன். மரங்கள் முடிந்ததும் இரண்டு பக்கமும் கரிசல் காடு. கண்ணுக்கு எட்டியவரை கம்பும் குதிரைவாலியும், நடுநடுவே தனிப்பனைகள். காற்றில் காய்ந்த பனையோலை சரசரக்கும்போது யாரோ பின்னாலேயே நடந்துவருகிற மாதிரி இருக்கும். எதிரே ஒரு ஆள் வந்தால், அவர் புள்ளியாகத் தெரியும்போதே எனக்குப் பயம் ஆரம்பித்து, பக்கத்தில் வந்து கடந்துபோகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். மழை பெய்துவிட்டாலோ வேறு தொல்லை. கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு, சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்றுவிடும். அத்தை குச்சியை எடுத்துச் சுரண்டிக்கொண்டே இருப்பாள். ஆளற்ற வெளியில் அந்தக் குச்சிச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது.

திருச்சுழிக் கோபுரம் தெரிந்த பிறகு ஆற்றோரப் பாதை. குண்டாறு வருஷத்தில் பாதிக்குமேல் வெறும் மணல்தான். கரை அரித்துப்போன இடங்களில் பெரிய பெரிய தாழிகளின் வாய் மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும். ஓர் ஆள் குந்தி உட்காரலாம், அத்தனை பெரிது. பழங்காலத்து மனிதர்களை அதற்குள் வைத்துத்தான் புதைத்தார்கள் என்று அத்தை சொன்னாள்.

"செத்தப்புறம்தானே அத்தை வைப்பாங்க?" என்று கேட்டேன்.

"பெறகுதான்" என்றாள். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது போல எனக்குப் பட்டது. அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன்.

இந்தப் பயங்களோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆற்றில் பாலம் கட்டப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. யாரோ வந்து அளந்து, கரையில் சுண்ணாம்பு பூசிய கற்களை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதோடு கூடவே வந்தது அடுத்த பேச்சு: பாலத்தின் தூண் நிற்க வேண்டுமென்றால் பிள்ளையைப் பலி கொடுக்க வேண்டும், அதற்காகப் பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆடு மேய்க்கப் போன ஒரு பையன் திரும்பி வரவில்லை என்றதும் பேச்சு தீப்பிடித்துவிட்டது. ஊருக்கு ஊர் பிள்ளைகளை வீட்டுக்குள் போட்டுப் பூட்டினார்கள். பிடிக்கிறவன் சாமியார் வேஷத்தில் வருவான் என்றார்கள். கோணியோடு வருவான் என்றார்கள். கறுப்புப் பையோடு பொம்பளை வருவாள் என்றும் சொன்னார்கள்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "மூடப் பேச்சு" என்று சிரித்தார். அத்தையின் பிரசவப் பை கறுப்பு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அது ஐப்பசியில் ஒரு நாள். அன்று எங்கள் பக்கம் சொட்டு மழை இல்லை. மேற்கே மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது. குண்டாற்றுக்கு அக்கரையிலிருந்து சந்தைக்கு வந்த ஒருவர், தங்கள் ஊரில் ஒரு பெண் முந்தின நாளிலிருந்து வலியில் துடிக்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுப் போனார். அத்தை உடனே கிளம்பிவிட்டாள். அவள் அவ்வளவு வேகமாக மிதித்து நான் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூச்சிரைக்க மிதித்தாள்.

ஆற்றில் இறங்க வேண்டிய இடத்தில் இக்கரை ஊர் ஒன்று உண்டு. பெயரைச் சொல்லவில்லை, அவர்களுடைய பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். ஊருக்குள் நுழைந்ததும் மணியை அடித்தாள் அத்தை. வழக்கமாக மணிச் சத்தத்துக்குப் பிள்ளைகள் ஓடிவரும். அன்று ஒரு பிள்ளையையும் காணோம். ஆட்கள்தான் வந்தார்கள். முன்னால் நாலு பேர், பிறகு பத்துப் பேர், பின்னால் திரும்பிப் பார்த்தால் அங்கேயும் ஆட்கள்.

"நில்லு. எறங்கு சைக்கிள விட்டு."

அத்தை இறங்கினாள். சைக்கிள் சாய்ந்தது, நான் சாக்கோடு சறுக்கித் தரையில் நின்றேன்.

"யாரு இந்தப் பிள்ள?"

"எங்கண்ணன் மக."

"அண்ணன் மகளா இருந்தா அது எதுக்கு இப்பிடி நடுங்குது?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். தலை வாரிப் பல நாளாகியிருக்கும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "பிள்ள சொல்லட்டும். ஏத்தா, பயப்படாமச் சொல்லு. இவ ஒனக்கு யாரு?"

நான் சொன்னேன்: "இவங்க எங்க அத்தை. நாங்க மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கோம்."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் நான் பேசிய பேச்சு அவர்கள் பேச்சு இல்லை, அத்தையின் பேச்சும் இல்லை.

"மெட்ராஸாம்ல! கேட்டீங்களா? இந்தப் பொம்பள நம்ம பக்கத்துப் பேச்சு பேசுறா, பிள்ள பட்டணத்துப் பேச்சு பேசுது. எங்கெருந்து தூக்கியாந்திருக்கா பாருங்க!" என்றான் முன்னால் நின்றவன்.

பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார்கள். கத்தரிக்கோல், வளைந்த இடுக்கி, ரப்பர் விரிப்பு, கிருமி மருந்து இருந்த பழுப்புப் பாட்டில். ஒருவன் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, "மயக்க மருந்து" என்று கத்தினான். யாரோ குனிந்து கல்லை எடுத்ததைப் பார்த்தேன். எனக்குப் பாவாடையிலேயே மூத்திரம் போய்விட்டது. அதைக்கூட அவர்கள் அத்தைக்கு எதிராகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அத்தை சத்தம் போடவில்லை. கொட்டியவற்றைத் தூசி தட்டி ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கரையில ஒரு பொம்பள நேத்துலருந்து வலியில கெடக்கா. நான் போய் அவளப் பாக்கணும். பாத்துட்டு வாரேன். பெறகு நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க. இந்த சைக்கிள வச்சுக்கங்க. இந்தப் பிள்ளையையும் வச்சுக்கங்க. நான் பிள்ள புடிக்கிறவளா இருந்தா, புடிச்ச பிள்ளைய ஒங்ககிட்ட விட்டுட்டா போவேன்?"

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. "அது நியாயம்தானப்பா" என்றார் ஒரு பெரியவர்.

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்குப் பணயம் நான். அத்தையின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "தாயி, இவுக ஒன்னைய ஒண்ணுஞ் செய்ய மாட்டாக. பொழுது சாயிறதுக்குள்ள வந்துருவேன்" என்றாள். சொல்லிக்கொண்டே என் விரல்களைப் பிரித்தாள். பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மணலில் இறங்கினாள்.

ஆறு அந்த இடத்தில் அகலம். அவள் பாதி தாண்டியிருப்பாள். மேற்கேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நிறைய வண்டிகள் கல் பாதையில் சேர்ந்து வருகிற மாதிரி.

"ஆறு வருது! ஆறு வருது!" என்று யாரோ கத்தினார்கள்.

கரையில் நின்ற அத்தனை பேரும், சற்று முன் கல்லை எடுத்தவன் உட்பட, கையை வீசி, "ஓடும்மா! ஓடு!" என்று கத்தினார்கள். அத்தை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடினாள். மணலில் கால் புதையப் புதைய ஓடினாள். வெள்ளம் உயரமாக ஒன்றும் வரவில்லை. சருகையும் முள்ளையும் நுரையையும் தள்ளிக்கொண்டு பழுப்பாக ஊர்ந்துதான் வந்தது. ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் மணல் எங்கேயும் தெரியவில்லை. அக்கரையில் நாணல் அடர்ந்த பக்கமாக அவள் சேலை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. ஏறிவிட்டாளா, இழுத்துக்கொண்டு போய்விட்டதா, ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

என் மணிக்கட்டை மறுபடியும் பிடித்திருந்த பெண் மட்டும் ஆற்றைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருவா. ஒன்னைய விட்டுட்டு எங்க போவா? அவ எம்மகனக் கொண்டாந்து குடுத்தாத்தான் ஒன்னைய விடுவேன்" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, காணாமல் போன பையனின் அம்மா அவள்.

தன் குடிசைக்குக் கூட்டிப்போனாள். வேறொரு பெண் எனக்கு மாற்றிக்கொள்ள ஒரு பாவாடை கொண்டுவந்து கொடுத்தாள். கம்மங்கஞ்சி கரைத்து, வெங்காயம் நசுக்கிப் போட்டு, கும்பாவை என் வாயருகே கொண்டுவந்தாள் அந்த அம்மா. எல்லாம் ஒரு கையால். இன்னொரு கை என் மணிக்கட்டை விடவே இல்லை. அந்தக் கையின் சூடு எனக்கு இன்னும் தெரிகிறது. காய்ச்சல் கண்ட கை மாதிரி இருந்தது. நான் அழுதால் இறுக்குவாள், அடங்கினால் தளர்த்துவாள். அதனால் அழாமல் இருந்தேன்.

இருட்டிய பிறகு, மகன் படுக்கிற சாக்கில் என்னைப் படுக்கவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். அவன் ஒரே பிள்ளை. புருஷன் கொழும்புக்குப் போனவன், திரும்பவில்லை. மகனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். "எசமான்னுதான் கூப்புடுவேன். காலையில எசமானுக்குக் கஞ்சி வேணுமா, கூழு வேணுமான்னு கேப்பேன். சிரிப்பான்" என்றாள். பிறகு என் காதோரம் குனிந்து, அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் கேட்டாள்.

"ஏத்தா, உண்மையச் சொல்லு. நீ அவகூடவே அலையுறவ. பாலத்துக்குத் தூணு கட்ட ஆரம்பிச்சுட்டாகளா?"

நான் யோசித்தேன். சுண்ணாம்பு பூசிய கற்கள்தான் பார்த்திருந்தேன். "தூண் எதுவும் பார்க்கலை" என்றேன்.

"பாக்கலையா? நெசமா?"

"நிஜமா."

அவள் மூச்சு நீளமாக வெளியே வந்தது. "அப்ப இன்னும் இருக்கான்" என்றாள். விடிகிறவரை ஆற்றின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தை அந்தத் தண்ணீருக்குள் எங்கோ இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கண் அயர்ந்தேன்.

மறுநாள் உச்சிப்பொழுது தாண்டி வெள்ளம் இறங்கியது. அக்கரையிலிருந்து சில ஆண்கள் கையைக் கோத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் வந்தார்கள். நடுவில் அத்தை. சேலை முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் நின்று, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கூட வந்தவர்களில் ஒருவர் கரையேறியதும் கூட்டத்தைப் பார்த்துப் பொங்கினார்.

"யாரைய்யா புடிச்சு நிறுத்துனீக? இந்தம்மா வரலேன்னா எம்பொண்டாட்டியும் இல்ல, பிள்ளையும் இல்ல. பொம்பளப் பிள்ள பெறந்திருக்கு. ரெண்டு உசுரும் இவுக குடுத்தது!"

ஊர் தலைகுனிந்தது. யாரோ சைக்கிளைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆனால் அந்த அம்மா என்னை விடவில்லை. பெரியவர் சொல்லிப் பார்த்தார், பெண்கள் விரலைப் பிரித்துப் பார்த்தார்கள். "எம்மகன் எங்க? எம்மகனக் குடு" என்று அத்தையைப் பார்த்துத் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அத்தை எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒம்மகன நான் பாக்கலம்மா. பாத்திருந்தா இந்த சைக்கிள்லயே வச்சுக் கூட்டியாந்திருப்பேன். அவன் எப்பிடி இருப்பான், சொல்லு. நான் போகாத ஊரு இந்தப் பக்கம் கெடையாது. போற எடமெல்லாம் கேக்குறேன்."

அந்த அம்மா அடையாளம் சொன்னாள். என்னைவிட ஒரு பிடி உயரம். இடது புருவம் இரண்டாகப் பிளந்திருக்கும். கிடாக்கொம்பு குத்திய தழும்பு. சொல்லச் சொல்ல அவள் பிடி தளர்ந்தது. கடைசியில் கையை எடுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டாள். என் மணிக்கட்டில் வளையல் போட்ட மாதிரி நீலம் கட்டியிருந்தது.

வீட்டில் அத்தை ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, தீர்ப்புச் சொன்னார்: "பாத்தியா, பிள்ள கூட இருந்ததுனாலதான் அவ தப்பிச்சா." ஆக அடுத்த வாரம் மறுபடியும் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு போன இடத்திலெல்லாம் அத்தை முதலில் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பாள், பிறகு பையனைப் பற்றிக் கேட்பாள். கிணற்றடியில், களத்தில், கடை வாசலில், எதிர்ப்பட்ட வண்டிக்காரர்களிடம், எல்லாரிடமும். ஒரு காணாமல் போன பிள்ளையைப் பற்றிச் சைக்கிளில் வந்த பெண் கேட்பதே சிலருக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். "போதும் அத்தை, போயிடலாம்" என்பேன். "இன்னும் ஒரு வீடு" என்பாள்.

பனி விழ ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலையில் பரளச்சிப் பக்கம் போயிருந்தோம். மழை நின்று பாதை இறுகியிருந்தது. காட்டுக்குள் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு கீதாரி, அதுதான், மந்தையோடு ஊர் ஊராகப் போகிறவர், அத்தை கேட்டதும் நெற்றியைச் சொறிந்தார்.

"புருவத்துல தழும்பா? எங்கிட்ட ஒரு பய இருக்கான். எங்கெருந்தோ வந்து கிடையில ஒண்டிக்கிட்டான். ஊரு கேட்டா வாயத் தெறக்க மாட்டான். அந்தா, குட்டிகளோட நிக்கிறாம் பாருங்க."

பையன் திரும்பினான். சைக்கிளைப் பார்த்தான். அதில் தொங்கிய கறுப்புப் பையைப் பார்த்தான். குட்டிகளுக்காக ஒடித்து வைத்திருந்த குழையைப் போட்டுவிட்டு ஓடினான்.

அவனுக்கும் அந்தப் பேச்சு எட்டியிருந்தது. கறுப்புப் பையோடு வருகிற பிள்ளை பிடிக்கிற பொம்பளை நாங்கள்தான்.

அத்தை இரண்டடி எடுத்து வைத்துவிட்டு நின்றுவிட்டாள். தான் துரத்தினால் அவன் இன்னும் ஓடுவான் என்று அவளுக்குப் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஓடினேன். உடைமுள் காலில் ஏறியது, பாவாடை கிழிந்தது. அவன் வேகம் எனக்கு இல்லை. இடைவெளி கூடிக்கொண்டே போனது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவன் பெயரை அந்த அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. மூச்சு முட்டக் கத்தினேன்.

"எசமான்! ஏ எசமான்!"

அவன் நின்றான். திரும்பினான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சிரைக்க நின்றோம். அவனும் பயந்துபோயிருந்தான். என்னைப் போலவே.

"உங்கம்மா சொன்னாங்க. கஞ்சி வேணுமா, கூழு வேணுமான்னு கேப்பாங்களாம்" என்றேன்.

அவன் அப்படியே உட்கார்ந்து அழுதான். மேய்க்கப் போன இடத்தில் அவர்களுடைய சினையாடு பாழ்கிணற்றில் விழுந்து செத்துப்போனதாம். அதற்கு முந்தின வாரம் ஒரு குட்டியைத் தொலைத்ததற்கே அவன் அம்மா விறகுக் கட்டையால் அடித்திருக்கிறாள். "இந்தவாட்டி ஆத்தா கொன்னுரும்" என்று நடக்க ஆரம்பித்தவன், திரும்பிப் போகத் துணிச்சல் வராமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறான்.

கீதாரியால் மந்தையை விட்டு வர முடியவில்லை. ஆகவே நாங்கள்தான் அவனைக் கொண்டுபோக வேண்டும். என்னைச் சீட்டிலும் அவனைக் கேரியரிலும் உட்காரவைத்து, அத்தை ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தாள். அந்த வழி முழுக்க நான் பயந்த பயம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. யோசித்துப் பாருங்கள்: கறுப்புப் பை, சைக்கிளில் வந்த பொம்பளை, இப்போது உண்மையாகவே ஊரான் வீட்டுப் பிள்ளை, அதுவும் அழுதுகொண்டு.

திருச்சுழிக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி எங்களுக்குக் குறுக்கே நின்றது. வண்டிக்காரர் சாட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

"யாரு பிள்ளைக இதுக?"

அத்தை பதில் சொல்லவில்லை. அவள் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். என் பேச்சு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். வண்டிக்காரர் இன்னும் ஓரடி வைத்தார்.

"எங்க ஆத்தாகிட்டப் போறேன்" என்றான் பையன், அந்த ஊர்ப் பேச்சில்.

வண்டிக்காரர் வழிவிட்டார். ஆனால் நம்பவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆற்றோரப் பாதை பிரிகிற வரை எங்கள் பின்னாலேயே வந்தார். முதுகில் அந்த மாடுகளின் மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மாலை வெயிலில் ஊர் தெரிந்தது. அந்த அம்மா ஆற்றங்கரையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். சுள்ளிகள் விழுந்தன. ஓடிவருவாள் என்று நினைத்தேன். நடந்துதான் வந்தாள். கிட்ட வந்து, கேரியரிலிருந்து இறங்கி நின்றவனைப் பார்த்து, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். மறுபடியும் கை ஓங்கியது. அந்தக் கை அப்படியே அவன் தலையில் இறங்கி, புருவத்தைத் தடவி, தோளைத் தடவி, அவனைத் தூக்கியது. இடுப்பில் வைக்கிற வயசா அவனுக்கு? கால் தரையில் இழுபட இழுபடத் தூக்கிக்கொண்டே குடிசைக்குள் போனாள்.

ஊர் கூடிவிட்டது. நாங்கள் கிளம்பும் நேரத்தில் அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே மகனும் வந்தான். ஒரு சுரைக்காயைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் கட்டினாள். அத்தையை நெருங்கித் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இம்புட்டு நாளும் பட்டினி போடாம வச்சிருந்திருக்க. மேல ஒரு காயமில்ல. மனசு எரங்கித் திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்ட. ஒன்னைய யாருக்கும் காட்டிக்குடுக்க மாட்டேன். நல்லா இரு."

"ஆத்தா, நாந்தான் பயந்து ஓடிப்போனேன்" என்றான் பையன்.

"நீ சும்மா இருய்யா. அப்பிடிச் சொல்லச் சொல்லிருப்பாக."

நான் அத்தையைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அத்தை, "சரிம்மா. இனிமே அவன அடிக்காத" என்றாள். அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பினாள்.

ஊர் மறைந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் அத்தை, நாங்க பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அத்தை மிதித்துக்கொண்டே சொன்னாள். "தான் அடிச்ச அடிக்குப் பயந்துதான் பிள்ள ஓடிருச்சுன்னு தெரிஞ்சா அவ எப்பிடித் தாங்குவா தாயி? நான் புடிச்சதாவே இருந்துட்டுப் போகட்டும். கெட்டியாப் புடிச்சுக்க, பள்ளம் வருது."

முன்னால் கையை நீட்டி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது, காலையிலிருந்து அத்தனை திடமாகப் பேசிக்கொண்டிருந்த அத்தையின் உடம்பு ஜுரம் வந்த மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.